டார்ச் பிடிக்க ஆள் இல்லை

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், அத்தான், வாண்டு மூவரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? "நல்லா இருக்கேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடாதே. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, வேலைக்குப் போகிறாயா என்று தனித்தனியாக எழுது.

போனில் உன்னோடு பேசி என்ன கண்டேன்? நீ அந்தப் பக்கம் மூச்சு விடுகிறாய், நான் இந்தப் பக்கம் மூச்சு விடுகிறேன், போன் கம்பெனிக்காரன் பிழைக்கிறான். வாண்டிடம் கொடுத்தால் அவளும் உன் மகள்தானே, வாயே திறப்பதில்லை. அதனால்தான் காகிதத்தை எடுத்துவிட்டேன். நாளெல்லாம் படம் வரைகிற உத்தியோகம் உனக்கு. பேனா பிடிக்கச் சோம்பல் இருக்காது.

வாண்டை நான் பஸ்ஸில் கூட்டிவந்த அன்று நீ ஜன்னலுக்கு வெளியே நின்று, "வண்டி சரியானதும் அப்பாவே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னாய் அல்லவா? அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள். காலையில் வாயில் பிரஷ்ஷோடு வந்து நிற்கிறாள். "அத்தை, வண்டி சரியாயிடுச்சாமா?" அம்மா கண்ணை மூடி இவ்வளவு நாள் ஆகிறது, அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வண்டியைத்தான் கேட்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை ஒரு தடவைகூட அழவில்லை என்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

வண்டியை நல்ல ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்து விடு. முன்சீட்டுப் பக்கத்துக் கண்ணாடி பாதியில் சிக்கிக் கிடக்கிறதாமே, வாண்டு சொன்னாள். மழை வருவதற்குள் அதையும் பார்த்துவிடச் சொல்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வண்டிதான் சரியில்லை. நீயும் அத்தானும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீ கேட்டபடி தனித்தனியாக எழுதுகிறேன். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். வேலைக்குப் போகிறேன்.

ஒர்க்‌ஷாப்பில் விடப்போவதில்லை. நானே பழகிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். வாங்கும்போதே அது பழைய வண்டி. எஸ்.யூ.வி. என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாமே தவிர, இத்தனை வருடமாக எனக்கு அதில் சாவி போடும் இடமும் டீசல் ஊற்றும் இடமும்தான் தெரியும். ஸ்பேனர் செட் ஒன்றும் ஜாக்கி ஒன்றும் வாங்கினேன். ஆபீசில் தண்ணீர்க் குழாய்களையும் வால்வுகளையும் வரைவது போலவே, எதைக் கழற்றுவதானாலும் முதலில் அதை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் போட்டு, அதற்கப்புறம்தான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

முதல் வேலையாக இன்ஜின் ஆயில் மாற்றினேன். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அடைப்பு போல்ட்டைத் திறந்தேன். அது எங்கே இருக்கிறது என்று வரைந்திருந்தேன். என் தலை எங்கே இருக்கிறது என்று வரையவில்லை. ஆயில் நேராகக் காதுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் அந்தக் காது கேட்கவில்லை. பரவாயில்லை, இங்கே கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

ஷெட்டுக்குள் பகலிலேயே இருட்டு. டார்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு வேலை செய்கிறேன். டார்ச் பிடிக்க ஆள் இல்லை.

அத்தானிடம் கேட்டு எழுது: ஆயில் ஃபில்டரைக் கையால் இறுக்கினால் போதுமா, ஸ்பேனர் போட வேண்டுமா?

ஃபில்டர் படம் ஒன்று உள்ளே வைத்திருக்கிறேன். வேண்டுமானால் வாண்டிடம் கொடு.

தம்பி

*

பிப்ரவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டினாயா? ஆயிலைக் காதில் விட்டுக்கொள்கிறவனை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அத்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருடம் பஸ் ஓட்டுகிறவருக்கு இப்போதுதான் ஒரு சிஷ்யன் கிடைத்திருக்கிறானாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கையால இறுக்கிட்டு அதுக்கு மேல அரை சுத்து, அவ்வளவுதான். ரப்பர்ல கொஞ்சம் ஆயில் தடவச் சொல்லு. உன் தம்பியோட பலத்தை வேற எங்கயாவது காட்டச் சொல்லு."

படத்தை வாண்டு தன் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டாள். எண்களை எல்லாம் விரல் வைத்துப் படித்தாள். "அப்பாவுக்கு யாரு டார்ச் பிடிக்கறா?" என்றாள். வாயில் கடித்துக்கொள்கிறாராம் என்றேன். சிரித்துவிட்டாள், தம்பி. இங்கே வந்தபின் முதல் சிரிப்பு. சிரித்துவிட்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவள் போலத் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய் அழுதேன்.

"வேண்டுமானால் கொடு" என்று எழுதியிருக்கிறாயே, அவள் என்ன அடுத்த வீட்டுப் பிள்ளையா? அவளுக்கென்று இரண்டு வரி எழுது. கண்ணாடியைப் பற்றியும் நீ ஒன்றும் எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காது கேட்கிறது. வண்டிதான் சரியில்லை.

டீசல் ஃபில்டர் மாற்றினேன். எல்லாம் ஒழுங்காக மாட்டிவிட்டேன். அதற்கு முன் ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்த வண்டி இப்போது ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. சாவியைத் திருப்பினால் செருமுகிறது, அவ்வளவுதான். பேட்டரியும் இறங்கிவிட்டது. அத்தானிடம் கேள்.

இன்னொன்று. ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஃபேனைக் கழற்றினேன், பெல்ட்டைக் கழற்றினேன். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்த பிறகு ஒரு போல்ட் கையில் மிச்சமாக நிற்கிறது. எண் போட்டு வரைந்தும் இப்படி. அதன் படத்தைத் தனியாக வரைந்து வைத்திருக்கிறேன். கழற்றுவதற்கு முன் வரைந்த படங்களையும் இதோடு உள்ளே வைத்திருக்கிறேன். எனக்கு மூளை ஓடவில்லை. அத்தான் பார்த்துச் சொல்லட்டும்.

வாண்டுக்கு: நன்றாகச் சாப்பிடு. அத்தை சொல்வதைக் கேள்.

தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். அத்தானுக்குத்தான் லேசாக இடுப்பு வலி.

டீசல் ஃபில்டருக்கு அவர் பதில்: "காத்து புடிச்சிருக்கும். ஃபில்டர் மேல ஒரு பம்ப் இருக்கும். பக்கத்துல இருக்கற சின்ன ஸ்குரூவ தளர்த்திட்டு, நுரை போய் வெறும் டீசல் வர்ற வரைக்கும் கையால அமுக்கிட்டே இருக்கணும். காத்து உள்ள இருந்தா எந்த வண்டியும் ஓடாது."

போல்ட் விஷயத்தில் அத்தான் தோற்றுப்போனார். படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வாண்டு நாற்காலியில் முட்டிபோட்டு ஏறி, "இதோ இருக்கு மாமா" என்றாள். ரேடியேட்டர் படத்தில் வலது மேல் மூலை, பதினொன்றாம் எண். ஃபேனுக்கு மேலே மூடுகிற தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட். நீ வரைந்திருக்கிறாய், எண்ணும் போட்டிருக்கிறாய், திரும்ப மாட்டும்போது பார்க்கவில்லை. அன்று முழுவதும் அவள் கால் தரையில் நிற்கவில்லை.

அவளுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது. பக்கத்துப் பள்ளியில் இப்போதைக்கு வந்து உட்காரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், போய்வருகிறாள். "நன்றாகச் சாப்பிடு" என்ற உன் ஒரு வரியை வைத்துக்கொண்டு இரண்டு வேளை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்னும் நாலு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கண்ணாடி?

அன்புடன்,
அக்கா

*

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அத்தானின் இடுப்பு எப்படி இருக்கிறது?

காற்று போய்விட்டது, வண்டி ஸ்டார்ட் ஆனது. போல்ட் இருந்த இடம் சரிதான். வாண்டிடம் சொல்.

பிறகு நான்கு சக்கரங்களையும் கழற்றி பிரேக் பார்த்தேன். முன்பக்கம் தேய்ந்திருந்தது, மாற்றினேன். ரேடியேட்டர் ஹோஸ்களை எல்லாம் புதிதாகப் போட்டேன். பழையதில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. மறுபடி ஒருமுறை கழற்றி கிளாம்ப்களையும் மாற்றினேன். ஆபீஸ் விட்டு வந்ததும் ஷெட்டுக்குப் போய்விடுகிறேன். வீட்டுக்குள் வேலை ஒன்றும் இல்லை. கை எப்போதும் கருப்பாக இருக்கிறது. வரைபடத்தில் விரல் ரேகை விழுகிறது என்று மேலதிகாரி கோபித்துக்கொண்டார்.

ஆனாலும் வண்டி இன்னும் தயாராகவில்லை. வாண்டை ஏற்றிக்கொள்ளும் நிலைமைக்கு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அத்தானுக்கு ஒரு கேள்வி. மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது வண்டி உதறுகிறது. இரண்டாவதுக்கு மாற்றினால் உதறல் நின்றுவிடுகிறது. கிளட்ச்சா, இன்ஜின் உட்கார்ந்திருக்கும் ரப்பரா?

வாண்டுக்கு: பிரேக் படம் வைத்திருக்கிறேன்.

தம்பி

*

ஜூன் 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

இன்ஜின் ரப்பரைத்தான் பார்க்கச் சொல்கிறார் அத்தான்.

வாண்டு நன்றாக இருக்கிறாள். உயரமாகிவிட்டாள், இரண்டு உடுப்பு புதிதாகத் தைத்தேன். வண்டியை நீ ஆற அமரப் பார். அவசரம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அவசரம் இல்லை என்று நீ எழுதியது நல்லதாயிற்று. ரப்பரை மாற்றும்போது கியர் பாக்ஸையும் இறக்கிவிட்டேன். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நாள் பிடிக்கும்.

தம்பி

*

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரிப்பதை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

மேட்டில் உதறுகிறது என்று நீ எழுதிய கடிதத்தை அத்தான் படித்ததும் சிரிக்கவில்லை. மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "ஷெட்டுக்குள்ள நிக்கற வண்டி மேட்டுல எப்படிம்மா ஏறும்?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி ஓடுகிறது. நீ அதில் ஏறி எங்கெங்கோ போய்வருகிறாய். இங்கே வர மட்டும் அது தயாராகவில்லை. அப்போதே எழுது என்றார் அத்தான். "மச்சான் பாவம், எதையோ மென்னு முழுங்கிட்டு இருக்கான். நேரா கேளு" என்றார்.

நான் கேட்கவில்லை. அவசரம் இல்லை என்று எழுதினேன். ஏன் தெரியுமா? எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த வீட்டில் சின்னச் செருப்பு கிடப்பதை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. நீ வராமலே இருந்துவிட்டால் நல்லது என்று தோன்றிவிட்டது. அதை உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வேலை அதிகம் என்று பொய் எழுதினேன்.

போன வாரம் அவளுக்குக் காய்ச்சல். பயப்படாதே, இறங்கிவிட்டது. நெற்றியில் ஈரத்துணி போட்டபோது தூக்கக் கலக்கத்தில் என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "வண்டி சரியாயிடுச்சா அத்தை?" என்றாள். இதற்கு மேல் என்னால் முடியாது.

பள்ளியில் தலைமை ஆசிரியை, பிள்ளை இங்கேயே இருக்கப்போகிறதா, போகிறதா என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்? வண்டியைப் பற்றி எழுதாதே. உன்னைப் பற்றி எழுது.

உன் உடம்பு நிஜமாகவே எப்படி இருக்கிறது?

அக்கா

*

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டின் காய்ச்சல் திரும்ப வரவில்லையே?

வண்டி மார்ச் மாதமே ஓட ஆரம்பித்துவிட்டது. அதில்தான் ஆபீஸ் போகிறேன். அத்தான் கெட்டிக்காரர்.

அன்றைக்கு நடந்ததை நான் உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. வாண்டின் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வழியில், பாலம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பானெட்டிலிருந்து ஆவி வந்தது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிழிந்திருந்தது. அது இப்போது தெரியும், அன்று தெரியாது. பானெட்டைத் திறக்கிற கொக்கி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றேன். அவள் முன்சீட்டில் இருந்தபடி, "காத்தே வரலைங்க" என்று கண்ணாடியை இறக்கினாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. வேறு வண்டி கிடைத்துப் போய்ச் சேர்ந்தோம். முன்னாலேயே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அவர் சொன்னதை நம்புகிறேன். நம்பியும் ஒன்றும் ஆகவில்லை.

அதனால்தான் ஹோஸ்களை மூன்று தடவை மாற்றினேன். வாண்டை ஏற்றிக்கொண்டு வரும்போது வழியில் நின்றுவிட்டால்? கழற்றிப் பார்க்காத ஒரு சாமான் பாக்கி இருந்தாலும் அதில்தான் கெடுதல் இருக்கும் என்று தோன்றுகிறது. கழற்றாமல் இருப்பது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். அதை அவள் இறக்கினாள்.

இன்னொன்றும் சொல்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை அக்கா. இன்று வரை வரவில்லை. துக்கம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அது நம்முடைய கால் மாதிரியே இருக்காதே, நான் முழுக்க அப்படி இருக்கிறேன். வாண்டுக்கு நாலு வரி எழுதச் சொன்னாய். உட்கார்ந்தால் வரி வருவதில்லை. போல்ட்தான் வருகிறது. இப்படி ஒரு ஆளிடம் வந்து அந்தப் பிள்ளை என்ன செய்யும்? உன் வீட்டில் சிரிக்கிறாள், கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். உன்னிடமே இருக்கட்டும். தலைமை ஆசிரியையிடம் அப்படியே சொல்லிவிடு.

தம்பி

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

வாண்டு சுகம். "உன்னிடமே இருக்கட்டும்" என்ற வரியைப் படித்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. கடிதத்தை அலமாரியில் வைத்துப் பூட்டக்கூடப் போனேன்.

அதற்குள் அவள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். வழக்கமான கேள்வி. இந்தத் தடவை என்னால் மழுப்ப முடியவில்லை. வண்டி ஓடுகிறது, வழியில் கெட்டுவிடுமோ என்றுதான் அப்பா பயப்படுகிறார் என்றேன். ஊருக்குப் போகத் துணி அடுக்கிய பை இருக்கும் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பையை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளே அடுக்கி வைக்கிறாள் என்று உனக்கு நான் எழுதியதே இல்லை. பிறகு காகிதம் கேட்டாள். நான் ஒரு எழுத்துக்கூடச் சொல்லித்தரவில்லை. உள்ளே இருக்கிறது.

உனக்கு அழுகை வராவிட்டால் பரவாயில்லை, வராமலே வா. அவளும்தான் அழவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் அழாமல் இருங்கள்.

அக்கா

*

அப்பா,

வண்டி ஓடுதுன்னு அத்தை சொன்னாங்க. வழியில கெட்டா பரவாயில்ல. எனக்கு எல்லா போல்ட்டும் தெரியும். கண்ணாடி ஏறலன்னா நான் ரெயின்கோட் போட்டுக்கறேன். வாயில டார்ச் வெக்காதீங்க, பல்லு விழுந்துரும். எனக்கு ரெண்டு விழுந்துருச்சு.

வாண்டு

*

செப்டம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். அத்தானின் இடுப்பு எப்படி இருக்கிறது? கிளம்பும்போது அவர்தான் நாலு டயரையும் தட்டிப் பார்த்து, "நல்லாத்தான் வேலை பார்த்திருக்கீங்க மச்சான்" என்று கை கொடுத்தார். நீ கையசைக்காமல் உள்ளே போய்விட்டாய். வாண்டு தெரு திரும்பும்வரை பின்னால் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நேற்றுத் தூக்கத்தில் "அத்தை" என்று கூப்பிட்டாள். இதை உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

வழியில் வண்டி கெடவில்லை. அவளுக்கு அது பெரிய ஏமாற்றம். டார்ச்சை மடியில் தயாராக வைத்துக்கொண்டு, "எப்பப்பா கெடும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பாதி வழியில் மரத்தடியில் நிறுத்திப் பானெட்டைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொன்னாள். ஃபேன் தகட்டின் பதினொன்றாம் போல்ட்டைக் கேட்காமலே கண்டுபிடித்தாள். பிறகு தூறல் போட்டது. கண்ணாடி ஏறாததால் அவளுக்கு ஒரு பக்கம் நனைந்தது. ரெயின்கோட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு சாரலை நாக்கால் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஓட்டினேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிஜத்தை எழுதுகிறேன்.

இன்று ஷெட்டில் அந்த முன்சீட்டுக் கதவைப் பிரித்தோம். உள்தகட்டை நான் வரைய உட்கார்ந்தேன். "நான் ஞாபகம் வெச்சுக்கறேன், நீங்க கழட்டுங்க" என்றாள். டார்ச்சை அவள் பிடித்தாள். கண்ணாடியைத் தாங்குகிற கம்பி அதன் தடத்தை விட்டு நழுவியிருந்தது. கையைவிட்டுத் தள்ளியதும் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவு சின்ன வேலை. கைப்பிடியை வாண்டு சுற்றினாள். கண்ணாடி ஏறி மேலே போய் மூடிக்கொண்டது.

அப்போது வந்தது அழுகை, அக்கா. நான் கதவுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே தெரியாத சத்தமாக இருந்தது. பிள்ளை பயந்துவிடும் என்று நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அவள் பயப்படவில்லை. டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பி, "எங்கப்பா வலிக்குது? காட்டுங்க" என்றாள். நான் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். வெளிச்சத்தை அங்கே பிடித்துக்கொண்டு, ஆடாமல், ரொம்ப நேரம் நின்றாள். பிறகு வெளிச்சம் ஆட ஆரம்பித்தது; அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

வண்டி நன்றாக இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும்தான் சரியில்லை. அத்தானையும் கூட்டிக்கொண்டு வா.

தம்பி